கமராவில் ஓடும், கணினியில் திறக்காது: ஒளிப்பதிவுக் கோப்புகளை மாற்றும்போது வரும் பிழைகளும் தீர்வுகளும்

இடப்பெயர்வுகளின்போது புகைப்பட அல்பங்களைக் கைவிட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் முகமும் குரலும் எஞ்சியிருப்பது யாரோ ஓர் உறவினரின் திருமண வீடியோவில்தான். அல்லது பாடசாலை விளையாட்டுப் போட்டியைப் பதிந்த ஓர் இறுவட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த சிறிய கமராவின் மெமரி காட்டில். போருக்குப் பின்னரான ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தாய்மாரின் வாக்குமூலங்கள், போராட்டங்களின் பதிவுகள், காணிகளின் நிலையைக் காட்டும் காட்சிகள் என இன்னொரு தொகுதியும் சேர்ந்திருக்கிறது.

இவற்றைத் தொகுத்து ஒரு நினைவுப் படமாகவோ ஆவணமாகவோ செய்ய முயலும்போது, மென்பொருள் ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடுபவர்களும் உண்டு. பெரும்பாலான வேளைகளில் கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கமரா எழுதிய முறை தொகுப்பு மென்பொருளுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். எந்தப் பிழை எதனால் வருகிறது, வீட்டுக் கணினியிலேயே என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரை தொகுத்துத் தருகிறது.

மாற்றுவதற்கு முன்: மூலத்தைத் தொடாதீர்கள்

மெமரி காட்டில் உள்ள கோப்பை நேரடியாகத் திறந்து மாற்ற முயல வேண்டாம். முதலில் முழுக் காட்டையும் கணினிக்குப் பிரதி எடுங்கள். வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல், எல்லாக் கோப்புறைகளையும் இருந்தபடியே எடுக்க வேண்டும். சில கமராக்கள் ஒளிப்பதிவு பற்றிய முக்கிய தகவல்களைப் பக்கத்தில் உள்ள சிறிய கோப்புகளில் எழுதி வைக்கின்றன. அவை இல்லாமல் போனால் பின்னர் பல சிக்கல்கள் வரும்.

எஸ்டி காட்டின் பக்கத்தில் உள்ள சிறிய பூட்டை ‘லொக்’ நிலைக்குத் தள்ளிவிட்டுக் கணினியில் செருகுங்கள். இதனால் கணினி காட்டில் எதையும் எழுதாது. பிரதி எடுத்து முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்னொரு பிரதியை வேறொரு வன்தட்டில் வையுங்கள். மாற்றும் வேலைகள் எல்லாம் இந்தப் பிரதிகளில் ஒன்றிலேயே நடக்க வேண்டும்.

கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு

ஒரு வீடியோக் கோப்பு என்பது ஒரு பெட்டி. பெயரின் கடைசியில் வரும் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. என்பவை பெட்டியின் வகையை மட்டுமே சொல்கின்றன. உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி இன்னொரு முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும். இந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ‘அன்சப்போர்ட்டட் போர்மட்’ என்ற செய்தி வந்தால், பெட்டியோ உள்ளிருக்கும் கோடெக்கோ அந்த மென்பொருளுக்குத் தெரியாது என்பதே பொருள். கோப்பின் பெயரில் எம்.டி.எஸ். என்பதை அழித்து எம்.பி.4 என்று எழுதுவதால் எதுவும் மாறாது.

இதை அறிய மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பை அதில் இழுத்துவிட்டால் படத்தின் கோடெக், ஒலியின் கோடெக், ஒரு விநாடிக்கு எத்தனை சட்டகங்கள், அந்த வேகம் நிலையானதா மாறுவதா, படம் ஒற்றை விட்டு ஒற்றையாகப் பின்னப்பட்டதா என்பவற்றைக் காட்டும். பிழைக்குக் காரணம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். அதோடு விஎல்சி பிளேயரிலும் கோப்பை ஓடவிட்டுப் பாருங்கள். விஎல்சியில் ஓடினால் பதிவு நல்ல நிலையில் இருக்கிறது, மாற்றினால் போதும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

எங்கள் வீடுகளில் கிடைக்கும் கோப்பு வகைகள்

சிறிய டிஜிட்டல் கமரா, ஏ.வி.ஐ. கோப்பு: 2000களின் கையடக்கப் புகைப்படக் கமராக்கள் பல, ஒவ்வொரு சட்டகத்தையும் தனிப் படமாகச் சுருக்கும் மோஷன் ஜேபெக் முறையில் வீடியோ பதிந்தன. ஒலி பெரும்பாலும் 11 கிலோ ஹேர்ட்ஸ் அளவிலான தரம் குறைந்த ஒற்றை ஒலி. மாற்றும்போது ‘ஒலி வகை ஏற்கப்படவில்லை’ என்ற பிழை வந்தால், ஒலியை ஏஏசி முறைக்கும் 48,000 ஹேர்ட்ஸுக்கும் மாற்றும்படி அமையுங்கள். மாற்றிய கோப்பு கணினியில் ஓடி, கைத்தொலைபேசியில் ஓடாவிட்டால் நிற அமைப்பைப் பாருங்கள். அது 4:2:2 என்று இருந்தால் 4:2:0 என்று தெரிவு செய்து மீண்டும் மாற்றுங்கள்.

வன்தட்டுள்ள ஜேவிசி கமராக்கள் போன்றவை, எம்.ஓ.டி. கோப்பு: இது டிவிடியில் உள்ளதைப் போன்ற எம்பெக்-2 பதிவு. அகலத் திரையில் எடுத்த படம் கணினியில் ஒடுங்கி, ஆட்கள் மெலிந்து நெடிதாகத் தெரிந்தால் கோப்பு பழுதில்லை. படம் அகலமானது என்ற தகவல், கூடவே இருக்கும் எம்.ஓ.ஐ. என்ற சிறிய கோப்பில் இருக்கிறது. மாற்றும்போது தோற்ற விகிதத்தை 16:9 என்று நீங்களே குறிப்பிட்டால் சரியாகிவிடும்.

ஏவிசிஎச்டி கமராக்கள், எம்.டி.எஸ். கோப்பு: 2006ஆம் ஆண்டு சோனி, பானசோனிக் நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய முறை. மண்டப வீடியோக்காரர்களிடமும் பின்னர் வீடுகளிலும் பரவலாக இருந்தது. இதில் வரும் பிழைகள் தனியாகப் பேச வேண்டியவை, கீழே பார்ப்போம்.

மினி டிவி நாடா: இதைக் கணினிக்கு எடுக்க அந்தக் கமராவும் ஃபயர்வயர் இணைப்பும் வேண்டும். யூஎஸ்பி வயர் மூலம் எடுத்தால் பல கமராக்கள் தரம் குறைந்த படத்தையே அனுப்பும். ஒரு மணி நேர நாடாவுக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் தேவை.

விசிடி, டிவிடி இறுவட்டுகள்: விசிடியில் டி.ஏ.டி. கோப்பாகவும் டிவிடியில் வி.ஓ.பி. கோப்பாகவும் இருக்கும். பிரதி எடுக்கும்போது ‘சைக்கிளிக் ரிடண்டன்சி’ என்ற பிழை வந்தால் தட்டில் கீறலோ அழுக்கோ உண்டு. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஒரு கணினி படிக்காத தட்டை இன்னொரு கணினி படிப்பது சாதாரணம். குறைந்தது இரண்டு மூன்று டிவிடி டிரைவ்களிலாவது முயன்று பாருங்கள். சிறிய டிவிடியில் நேரடியாகப் பதியும் கமராவின் தட்டு கணினியில் வெறுமையாகத் தெரிந்தால், அது கமராவில் இறுதியாக்கப்படாமல் இருக்கலாம். அதே கமராவில் போட்டு ‘ஃபைனலைஸ்’ செய்தால் திறக்கும்.

எம்.டி.எஸ். துண்டுகள்: இணைப்பில் தொலையும் விநாடிகள்

ஏவிசிஎச்டி கமரா ஒரு மணி நேரத்தைத் தொடர்ந்து பதிந்தாலும், மெமரி காட்டின் கோப்பு முறை காரணமாக 2 அல்லது 4 ஜிபிக்கு ஒருமுறை புதிய கோப்பைத் தொடங்கிவிடும. வெட்டு விழும் இடம் வசனத்தின் நடுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றிப் பின்னர் தொகுப்பில் அடுக்கினால், இணையும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்துபோகும், அல்லது படம் துள்ளும். ஒரு தாய் தன் பிள்ளையை ஒப்படைத்த இடத்தின் பெயரைச் சொல்லும் கணமாக அது இருந்துவிட்டால் இழப்பு பெரிது.

இதற்குத் தீர்வு, மாற்றிய பின் இணைப்பதல்ல. இணைத்த பின் மாற்றுவது. கமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருள் மூலம் முழுக் காட்டையும் இறக்கினால் அது துண்டுகளைத் தானே ஒன்றாக்கும். அது இல்லையென்றால், ஒரே பதிவின் தொடர்ச்சியான எம்.டி.எஸ். துண்டுகளை விண்டோஸின் கொப்பி கட்டளையில் இருமப் பிரதி முறையைப் பயன்படுத்தி வரிசைப்படி ஒட்டலாம். எம்.பி.4 துண்டுகளை இப்படி ஒட்ட முடியாது. அவற்றுக்கு லொஸ்லெஸ்கட் போன்ற இலவச மென்பொருளின் இணைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அது படத்தை மீண்டும் சுருக்காமல் இணைக்கும்.

‘மூவ் அட்டம் நொட் பவுண்ட்’: பாதியில் நின்ற பதிவு

எம்.பி.4, எம்.ஓ.வி. கோப்புகளுக்கு ஓர் அட்டவணை உண்டு. எந்தச் சட்டகம் கோப்பில் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். பல கமராக்கள் பதிவை நிறுத்தும்போதுதான் அதை எழுதும். பற்றரி இறங்கிவிட்டாலோ, யாரோ கமராவைப் பறித்து அணைத்துவிட்டாலோ, காட்டை அவசரத்தில் இழுத்துவிட்டாலோ அட்டவணை எழுதப்படாது. படமும் ஒலியும் உள்ளே இருக்கும், ஆனால் எந்த மென்பொருளாலும் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. கோப்பின் அளவு நூற்றுக்கணக்கான எம்பி இருந்தும் நீளம் பூச்சியம் என்று காட்டினால் இதுவே காரணமாக இருக்கலாம்.

முழுக் காட்டையும் பிரதி எடுத்த பின், காட்டை அதே கமராவில் மீண்டும் போடுங்கள். சில கமராக்கள் முடியாத பதிவைக் கண்டுபிடித்துத் திருத்தவா என்று கேட்கும். அது நடக்காவிட்டால் அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதே கமராவில், அதே அமைப்புகளில் எடுத்த இன்னொரு நல்ல கோப்பை அதற்குக் கொடுக்க வேண்டும். அந்த நல்ல கோப்பை மாதிரியாக வைத்து, பழுதான கோப்புக்கு அது அட்டவணையை அமைத்துக் கொடுக்கும். ஆகவே பழுதான பதிவு ஒன்று இருக்கும் கமராவை விற்கவோ எறியவோ முன்னர், அதில் சில நிமிடங்கள் வேறொரு காட்டில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தவறுதலாகவோ சோதனையின்போது வற்புறுத்தப்பட்டோ அழித்த கோப்பு என்றால், அந்தக் காட்டில் அதன்பின் ஒன்றும் பதியாதீர்கள். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் மூலம் மீட்க முடியும். மீட்ட கோப்பைக் காட்டிலேயே சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும்.

படம் வருகிறது, ஒலி வரவில்லை

எம்.டி.எஸ். கோப்புகளில் ஒலி பெரும்பாலும் டொல்பி நிறுவனத்தின் ஏசி-3 முறையில் இருக்கும். சில தொகுப்பு மென்பொருள்கள் அதைப் படிக்காது. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் சுருக்காத வேவ் அல்லது பிசிஎம் முறைக்கு மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியாலும் அதை அடிப்படையாகக் கொண்ட மென்பொருள்களாலும் இதைச் செய்யலாம்.

உதடும் சொல்லும் ஒத்துப்போகாதபோது

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக ஒலி முந்தவோ பிந்தவோ செய்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். கைத்தொலைபேசிப் பதிவு என்றால் சட்டக வேகம் மாறிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் தொலைபேசி தானே வேகத்தைக் குறைக்கும். தொகுப்பு மென்பொருள் நிலையான வேகத்தையே எதிர்பார்க்கிறது. ஹான்ட்பிரேக் மென்பொருளில் ‘கொன்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தெரிவு செய்து மாற்றினால் சரியாகும். சொட்கட் என்ற இலவசத் தொகுப்பு மென்பொருள் இப்படியான கோப்பைத் திறக்கும்போது, தொகுப்புக்கு ஏற்றதாக மாற்றவா என்று தானே கேட்கும். ஆம் என்று கொடுங்கள்.

மினி டிவி நாடா என்றால் ஒலி அமைப்பைப் பாருங்கள். அந்தக் கமராக்களில் 16 பிட், 12 பிட் என இரண்டு அமைப்புகள் உண்டு. 12 பிட் ஒலி 32,000 ஹேர்ட்ஸில் பதியப்பட்டது. அதை 48,000 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் ஒலி ஒத்துப்போகாது. 48,000 ஹேர்ட்ஸுக்கு முறையாக மாற்றிய பின் தொகுப்பில் சேருங்கள்.

சீப்புப் பற்கள் போன்ற கோடுகள், கனடாக் கமரா, யாழ்ப்பாணத்துக் கமரா

ஆட்கள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிந்தால், அது தொலைக்காட்சிக்கு என்று இரட்டை, ஒற்றை வரிகளாகப் பின்னிப் பதிந்த படம். மாற்றும்போது ‘டிஇன்ரர்லேஸ்’ தெரிவை இயக்குங்கள். அசைவு முன்னும் பின்னும் நடுங்கினால் வரிகளின் ஒழுங்கு தலைகீழாக எடுக்கப்பட்டிருக்கிறது. மினி டிவியில் கீழ்வரி முதலில், ஏவிசிஎச்டியில் மேல்வரி முதலில் வரும். பாதுகாத்து வைக்கும் பிரதியில் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம். பார்வைக்குக் கொடுக்கும் பிரதிக்கு மட்டும் போதும்.

இலங்கையிலும் ஐரோப்பாவிலும் விற்ற கமராக்கள் விநாடிக்கு 25 சட்டகங்கள் என்ற பால் முறையில் பதிந்தன. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை 29.97 சட்டகங்கள் என்ற என்ரிஎஸ்சி முறை. ஒரே குடும்பத்தின் படத்தில் இரண்டும் கலப்பது எங்களுக்கு வழமையான ஒன்று. எந்த வகை அதிகம் உள்ளதோ அதைத் தொகுப்பின் வேகமாக வைத்து, மற்றதை மென்பொருளே மாற்ற விடுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பொருத்த முயன்றால் குரலின் தன்மை மாறிவிடும். கனடாக் கமராவில் இங்குள்ள ரியூப் லைட்டின் கீழ் எடுத்த படம் மினுங்கினால் அது மாற்றும் பிழையல்ல. இங்கு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அங்கு 60. இதனால் படம் எடுக்கும்போதே ஏற்பட்டது. புதிதாக எடுப்பதாக இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள்.

சிறிய காரணங்கள், பெரிய தலைவலி

- கோப்பின் பெயரோ கோப்புறையின் பெயரோ தமிழில் இருந்தால் சில பழைய மாற்றி மென்பொருள்கள் ‘கோப்பைக் காணவில்லை’ என்று சொல்லும். பிரதியின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்து முயலுங்கள்.
- மாற்றம் 90 வீதத்தில் நின்றுவிட்டால் வன்தட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏவிசிஎச்டி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 11 ஜிபி அளவில் இருக்க, தொகுப்புக்காகப் புரோரெஸ் 422 முறைக்கு மாற்றினால் அதே ஒரு மணி நேரம் 55 ஜிபி அல்லது அதற்கு மேலும் எடுக்கலாம்.
- இடம் இருந்தும் பென்டிரைவில் பிரதியாகாவிட்டால் அது ஃபாட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை வைக்க முடியாது. வெறும் பென்டிரைவ் ஒன்றை எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிப் பயன்படுத்துங்கள்.
- ஐபோனில் எடுத்தது பழைய கணினியில் திறக்காவிட்டால் அது எச்.265 முறை. எச்.264க்கு மாற்றுங்கள். இனி எடுப்பவற்றுக்குத் தொலைபேசியின் கமரா அமைப்பில் ‘மோஸ்ட் கொம்பாட்டிபிள்’ என்பதைத் தெரியலாம்.

சாட்சியமாகக்கூடிய பதிவுகள்

குடும்ப நினைவுப் படத்துக்கு மேலே சொன்னவை போதும். ஆனால் ஒரு பதிவு என்றாவது விசாரணை ஒன்றின் முன் வைக்கப்படக்கூடும் என்றால், இன்னும் கவனம் தேவை.

2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கைதிகள் சுட்டுக்கொல்லப்படும் காட்சியை ஒளிபரப்பியபோது, அது போலியானது என்று இலங்கை அரசு மறுத்தது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், சுயாதீன நிபுணர்கள் மூவரின் ஆய்வை வெளியிட்டு, அந்தப் பதிவு உண்மையானதாகவே தெரிகிறது என்றார். ஆயினும் விளக்கம் கிடைக்காத சில விடயங்களையும் அவர் குறிப்பிட்டார். அவற்றுள் ஒன்று, கோப்பினுள் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி. போர் முடிந்தது மே மாதத்தில். ஒரு கோப்பினுள் இருக்கும் திகதி எவ்வளவு கேள்விகளை எழுப்பும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மாற்றும் ஒவ்வொரு முறையும் கோப்பின் உள்தகவல்கள் அழியலாம், அல்லது மாற்றிய நாளே எடுத்த நாளாகப் பதியலாம். எனவே மாற்றிய கோப்பு மூலத்துக்குப் பதிலீடாகாது. மூலக் கோப்பைக் கமராவில் இருந்த பெயருடனேயே வையுங்கள். செவன்சிப் என்ற இலவச மென்பொருளில் அதன் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணித்து எழுதி வையுங்கள். கோப்பில் ஒரு சிறு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும் என்பதால், கோப்பு தொடப்படவில்லை என்பதற்கு அது அடையாளம். யார், எங்கே, எப்போது எடுத்தார், யார் கையிலிருந்து யாரிடம் வந்தது, என்ன மென்பொருளால் எந்த நாளில் மாற்றப்பட்டது என்பதையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். கமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் கோப்பின் திகதியைத் திருத்த வேண்டாம். தவறு என்று குறிப்பில் எழுதினால் போதும்.

இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களுக்கு வாக்குமூலங்களை ஏற்றாதீர்கள். பேசியவரின் முகமும் குரலும் எங்கோ ஒரு கணினியில் தங்கிவிடும். மேலே சொன்ன மென்பொருள்கள் எல்லாம் இணையம் இல்லாமலேயே இயங்கும். கைத்தொலைபேசிப் பதிவுகளில் எடுத்த இடத்தின் அமைவிடமும் ஒளிந்திருக்கும் என்பதால், மூலத்தைப் பகிரும் முன் யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்து, உள்தகவல்களும் போய்விடும். நம்பகமானவருக்கு மூலத்தை அனுப்ப வேண்டுமானால் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

சுருக்கமாக ஓர் ஒழுங்கு

1. காட்டைப் பூட்டி முழுமையாகப் பிரதி எடுங்கள். இரண்டாவது பிரதியை வேறிடத்தில் வையுங்கள்.
2. மூலத்தின் எஸ்எச்ஏ-256 எண்ணையும் விவரங்களையும் எழுதுங்கள்.
3. விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள். மீடியாஇன்ஃபோவில் உள்ளடக்கத்தைப் பாருங்கள்.
4. துண்டுகள் இருந்தால் முதலில் இணையுங்கள்.
5. பத்து விநாடிப் பகுதி ஒன்றை மாற்றிப் படம், ஒலி, விகிதம் மூன்றையும் சரிபார்த்த பின் முழுவதையும் மாற்றுங்கள்.
6. மாற்றியதைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். ஒலி விலகல் பெரும்பாலும் முடிவில்தான் தெரியும்.
7. எல்லாம் சரியாக வந்த பின்னரும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

இன்று திறக்காத கோப்பை நாளை வரும் ஒரு மென்பொருள் திறக்கலாம். அதற்குக் கோப்பு இருக்க வேண்டும். நாடாக்களும் எழுதக்கூடிய இறுவட்டுகளும் எங்கள் வெப்பத்திலும் ஈரப்பதனிலும் நீண்ட காலம் தாங்குவதில்லை. நாடாவை ஓட்டும் கமராக்களும் குறைந்து வருகின்றன. தொகுக்கும் வேலையைப் பிறகு செய்யலாம். பிரதி எடுக்கும் வேலையை மட்டும் பிற்போட வேண்டாம்.